இரு கத்தரிகளுக்கிடையே ஒரு கலைஞன்

பிரெஞ்சுத் திரைப்பட நெறியாளர் ழான் விகோவின் வாழ்வும் பணியும்

(வாசிகசாலை மண்டபமொன்றில் நடைபெற்ற திரைப்படக் கலைக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இன்று மாலை உங்கள் முன்னிலையில் ஒரு மனிதனின் வாழ்க்கையை எடுத்துவைக்க வந்திருக்கின்றேன். அம் மனிதன் இவ்வுலகில் வாழ்ந்தது 29 ஆண்டுகளும் 5 திங்களும் மாத்திரமே. அவன் ஆக்கிய திரைப்படங்கள் நான்கு. அந்நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையிட்டாலும் மூன்று மணிநேரம் நிரம்பாது. அவற்றுள் ஒன்றை அரசாங்கம் பூட்டிவைத்தது. மற்றொன்றை வணிகர் வெட்டிச் சிதைத்தனர். அவன் கண்மூடிய வேளையில், அவன் பெயரை அறிந்தோர் தொகை ஒரு சிறு மண்டபத்துள் அடங்கிவிடக் கூடியதாகவே இருந்தது.

ஆனால் இன்று பிரெஞ்சுத் திரைப்படத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் ழான் விகோ என்ற பெயரைத் தாண்டிச் செல்ல இயலாது. எங்ஙனம் இது நேர்ந்தது? மூன்று மணிநேரமும் நிரம்பாத படங்களை விட்டுச் சென்றவன், முப்பது நாற்பது படங்கள் ஆக்கியோரைப் பின்தள்ளி நிற்பதன் காரணம் யாது? அதைக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

தந்தையும் அவர் பெயரும்

மகனை அறிய வேண்டுமாயின் முதலில் தந்தையை அறிதல் வேண்டும். விகோவின் தந்தை 1883-ஆம் ஆண்டில் தென் பிரான்சிலுள்ள பெசியே நகரிற் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் ஏழேன் பொனவாந்தூர் விகோ. அவர் தாமே தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர் மிகேல் அல்மெரெய்தா. கேட்பதற்கு ஸ்பானியப் பிரபு ஒருவரின் பெயர்போல் ஒலிக்கும் இச்சொல்லின் எழுத்துக்களை இடம் மாற்றி அடுக்கினால், பிரெஞ்சு மொழியில் மலத்தைக் குறிக்கும் ஓர் இழிசொல் வெளிப்படும் என்பர். உலகத்தின் முகத்திலே எறிவதற்கென ஒரு வசைமொழியைத் தம் பெயருக்குள்ளேயே ஒளித்துவைத்தார் அந்த இளைஞர்.

காரணமின்றி அவர் அவ்வாறு செய்யவில்லை. பதினேழு வயதளவில் ஒரு சிறு திருட்டுக் குற்றத்துக்காகப் பாரிசில் சிறுவர்களை அடைத்துவைக்கும் 'சின்ன ரொக்கெத்' சிறைச்சாலையிற் கிடந்தவர் அவர். தனிமையும் குளிரும் அவமதிப்பும் நிறைந்த அச்சிறை அவரை அராஜகவாதி ஆக்கிற்று. அரசு, படை, நீதிமன்று ஆகிய மூன்றையும் எதிர்த்து எழுதினார், பேசினார், மீண்டும் மீண்டும் சிறை புகுந்தார். 1906-இல் குஸ்தாவ் ஹெர்வேயுடன் சேர்ந்து 'சமூகப் போர்' என்ற ஏட்டைத் தொடங்கினார். 1913-இல் 'சிவப்புக் குல்லாய்' என்ற ஏட்டை நிறுவினார்.

இத்தகைய தந்தைக்கு 1905 ஏப்பிரல் 26-ஆம் நாள், பாரிசில் ஒரு வீட்டின் கூரையடி அறையில் மகனாகப் பிறந்தவனே ழான். குழந்தையைத் தூக்கிக்கொண்டே பெற்றோர் கூட்டங்களுக்குச் சென்றனர். மேடைப் பேச்சின் முழக்கமே அவனுக்குத் தாலாட்டாயிற்று எனின் அது மிகையாகாது.

முதல் உலகப் போர் வந்தது. அல்மெரெய்தாவின் நிலையும் மாறிற்று. அமைச்சர்களின் நட்பு கிட்டியது, கையிற் பணம் புழங்கியது, வாழ்வு ஆடம்பரமாயிற்று. பழைய தோழர்கள் முகஞ் சுளித்தனர். உண்மையை மறைத்து அவரைப் புனிதராக்க நான் விரும்பவில்லை. போரின் கொடுமை முற்ற முற்ற, அவருடைய ஏடு சமாதானத்தின் பக்கம் சாய்ந்தது. 1917-இல் அவ்வேட்டின் நிர்வாகியிடம் ஜேர்மன் பணத்துக்கான காசோலை ஒன்று பிடிபட்டது. பகைவர்கள் இத் தருணத்துக்கே காத்திருந்தனர். 'தேசத்துரோகி' என்ற குரல் வலதுசாரி ஏடுகளில் ஓங்கிற்று. ஓகஸ்ட் மாதத்தில் அல்மெரெய்தா கைதானார். ஒரு வாரங் கழித்து, பிரென் சிறைச்சாலையில், தமது சப்பாத்துக் கயிற்றினால் கழுத்து நெரிக்கப்பட்ட நிலையில் இறந்து கிடந்தார்.

தற்கொலை என்றது அரசாங்கம். நோயினால் எழுந்து நடக்கவும் இயலாது வருந்திய ஒருவர் தம்மைத் தாமே இவ்வாறு நெரித்துக் கொள்ளக் கூடுமோ என்று பலர் வினவினர். அவர் வாய் திறந்தால் எவரெவர் பெயர் வெளிவருமோ என்று அஞ்சியோர் உயர்ந்த பீடங்களிலே இருந்தனர். அவ்வினாவுக்கு ஐயமற்ற விடை இன்றுவரை கிடைக்கவில்லை. அந்நாளில் மகனுக்கு வயது 12.

பெயரை ஒளித்த பிள்ளை

துரோகி என்று தூற்றப்பட்டவரின் பிள்ளைக்கு அந்நாளைய பிரான்சில் எங்கே இடம்? தெற்கே மொன்பெலியே நகரில் வாழ்ந்த கப்ரியேல் ஒபேஸ் என்ற புகைப்படக் கலைஞர் அவனை ஏற்றார். அவர் அல்மெரெய்தாவின் தாயை மணந்தவர். அவரிடமே சிறுவன் புகைப்படக் கலையின் அரிச்சுவடியைக் கற்றான். ஆனால் பாடசாலைக்கு அனுப்பும்போது ஒரு தடை எழுந்தது. பெயரைச் சொன்னால் பிள்ளையைப் பிறர் கல்லெறிந்து துரத்துவர். ஆதலின் மியோ என்ற ஊரின் விடுதிப் பாடசாலையில் 'ழான் சால்' என்ற பொய்ப்பெயருடன் அவனைச் சேர்த்தனர். ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அப்பெயருடனேயே அவன் வாழ்ந்தான்.

நண்பர்களே, இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். மற்றைய பிள்ளைகள் தந்தையைப் பற்றிப் பெருமை பேசுகையில் இவன் வாய் மூடியிருக்க வேண்டும். பெயர் சொல்லி அழைக்கும் போதெல்லாம் ஒரு பொய்க்குக் குரல் கொடுக்க வேண்டும். தனக்குரிய பெயரால் அழைக்கப்படுதல் என்பது ஒரு மனிதனின் முதல் உரிமை. அவ்வுரிமையை இழந்த பிள்ளை, பின்னாளில் விடுதிப் பாடசாலையைப் படமாக்கியபோது அதில் எத்தகைய சினம் கொதித்திருக்கும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

வளர்ந்தபின் விகோ தன் உண்மைப் பெயருக்கே மீண்டான். தந்தை துரோகியல்லர் என்று உலகுக்கு நிறுவ வேண்டும் என்பது அவன் உள்ளத்தில் நெடுநாள் எரிந்த வேட்கை. ஆனால் வேறொரு பகையும் அவனைத் தொடர்ந்தது. சயரோகம் அவன் மார்பிற் குடியேறிவிட்டது. 1926-இல் பிரனீஸ் மலைப்பகுதியில் உள்ள பொன் ரொமே சுகநிலையத்திற் சேர்ந்தான். அங்கே தன்னைப்போலவே நோயுற்றிருந்த போலந்து நாட்டுப் பெண் எலிசபெத் லொசின்ஸ்காவைச் சந்தித்தான். 'லீது' என்று அவளை அழைத்தான். 1929-இல் இருவரும் மணம் புரிந்தனர். வைத்தியர் சொற்படி, இதமான காற்றுள்ள கடற்கரை நகராகிய நீஸ் அவர்களின் இல்லமாயிற்று.

ஒரு நகரத்தின் இரு முகங்கள்

லீதுவின் தந்தை போலந்தில் ஒரு தொழிலதிபர். அவர் மருமகனுக்கு ஒரு இலட்சம் பிராங்கு அன்பளித்தார். வீடு வாங்கியிருக்கலாம், கடை திறந்திருக்கலாம். விகோ செய்ததென்ன? பழைய கமரா ஒன்றை விலைக்கு வாங்கினான்! பாரிசில் பொரிஸ் கௌவ்மன் என்ற ஒளிப்பதிவாளரைத் தேடிப் பிடித்தான். சோவியத் நாட்டின் புகழ்பெற்ற செய்திப்பட மேதை சீகா வேர்த்தோவின் உடன்பிறந்தவர் அவர். இருவரும் 1929-30 குளிர்காலத்தில் எடுத்து முடித்த மௌனப் படமே 'நீஸ் நகரைப் பற்றி'.

நீஸ் நகரம் செல்வர்களின் உல்லாசபுரி. ஐரோப்பாவின் குளிருக்கு அஞ்சிய பிரபுக்களும் பணமூட்டைகளும் வெயில் காய வரும் இடம். அவர்களைப் படமெடுக்க விகோ கையாண்ட உத்தி நகைப்புக்கும் வியப்புக்கும் உரியது. ஒளிப்பதிவாளரை நோயாளியைப்போலச் சக்கர நாற்காலியில் இருத்தி, கமராவைப் போர்வையால் மூடி, கடற்கரை உலாவீதியில் விகோவே தள்ளிச் சென்றான். தம்மை எவரும் நோக்கவில்லை என்ற நம்பிக்கையில் உறங்கிக் கிடந்த சீமாட்டிகளும் கொட்டாவி விட்ட கனவான்களும் அப்படியே படச்சுருளிற் பதிந்தனர்.

அடுத்து அவன் கமரா பழைய நகரின் ஒடுங்கிய சந்துகளுள் நுழைகிறது. மேலே கயிறுகளில் உலரும் துணிகள். கீழே கழிவுநீர் ஓடும் தெரு. அங்கே விளையாடும் பிள்ளைகள். ஒரே நகரம், இரு உலகம். களியாட்டு ஊர்வலத்தின் ஆட்டத்தையும் கல்லறைச் சிலைகளையும் அடுத்தடுத்துக் காட்டி, இந்தக் கேளிக்கை எங்கே முடியும் என்று பாராமுகமாகச் சொல்லிவிடுகின்றான். ஏறத்தாழ 25 நிமிடப் படத்தில் ஒரு வார்த்தையேனும் இல்லை. ஆயினும் நூறு பக்கத் துண்டுப் பிரசுரம் சாதிக்காததை அது சாதித்தது.

1930 யூன் 14-ஆம் நாள் பாரிசின் வியூ கொலொம்பியே அரங்கில் இப் படத்தைத் திரையிடுமுன் விகோ ஓர் உரை நிகழ்த்தினான். சமூகத் திரைப்படம் பற்றிய அவ்வுரையின் சாரம் இதுவே: வாழ்வை உள்ளவாறு பதிவு செய்தல் வேண்டும், ஆனால் பதிவு செய்பவனுக்கு ஒரு நோக்கு இருத்தல் வேண்டும், அந்த நோக்கை அவன் ஒளிக்காது வெளிப்படுத்தல் வேண்டும். நடுநிலை என்ற போர்வைக்குள் பதுங்கிக்கொள்ளும் கலையை அவன் ஏற்கவில்லை. அப்போது அவனுக்கு வயது 25.

மறு ஆண்டு, ழான் தாரிஸ் என்ற நீச்சல் வீரரைப் பற்றிக் கோமோன் நிறுவனத்தினருக்காக ஒரு குறும்படம் எடுத்தான். அது கூலிக்குச் செய்த வேலை. எனினும் நீருக்கடியில் மனித உடல் கொள்ளும் அழகை அப்போதுதான் அவன் கண்டுகொண்டான். அந்த அறிவு பின்னர் அவனுக்கு உதவப்போவதை நீங்கள் காண்பீர்கள்.

ஒழுக்கத்துக்குப் பூச்சியம்

1932-இல் நூனெஸ் என்ற ஒரு வர்த்தகர் விகோவுக்கு அறிமுகமானார். குதிரைகளில் விருப்பம் மிக்க இவருக்குத் திரைப்படத் துறையிலும் ஆசை பிறந்திருந்தது. இளைஞனின் திறமையை நம்பிப் பணம் கொடுத்தார். அவ்வாண்டு டிசம்பர் 24-ஆம் நாள் படப்பிடிப்புத் தொடங்கிற்று. படத்தின் பெயர் 'ஒழுக்கத்துக்குப் பூச்சியம்'. விடுதிப் பாடசாலையில் குறும்பு செய்த மாணவனுக்கு ஒழுக்கத்தில் பூச்சியம் இடுவர். அப் பூச்சியத்தின் பொருள், ஞாயிற்றுக்கிழமை வெளியே செல்லத் தடை என்பதாகும்.

கதை மிக எளியது. விடுமுறை கழிந்து புகையிரதத்தில் திரும்பும் இரு சிறுவர்கள். கறைபடிந்த சுவர்கள் சூழ்ந்த விடுதி. நாள்தோறும் தட்டில் விழும் அதே அவரைக்கொட்டை. வேவு பார்க்கும் மேற்பார்வையாளர். குழந்தையினும் குள்ளமான உருவமும் நீண்ட தாடியும் கொண்ட தலைமையாசிரியர். ஆசிரியர்களுள் ஒருவரே பிள்ளைகளின் நண்பர். அவர் விளையாட்டு நேரத்தில் சாப்ளினைப்போல் நடந்து காட்டுகிறார். வகுப்பறையில் தலைகீழாக நிற்கிறார். அப்பாத்திரத்தில் நடித்தவர் ழான் தாஸ்தே.

தபார் என்ற ஒரு மென்மையான சிறுவன் இருக்கிறான். அவன் விகோவே என்பதை எவரும் உணர்வர். அருவருப்பான ஓர் ஆசிரியர் அவன் கையைத் தடவுகையில், அந்த அமைதியான பிள்ளை வெடித்து, ஆசிரியரின் முகத்துக்கு நேரே ஓர் இழிசொல்லை எறிகிறான். எந்தச் சொல் தெரியுமா? தந்தை தம் பெயருக்குள் ஒளித்துவைத்தாரே, அதே சொல்! தந்தை எழுத்துக்களைக் கலைத்து மறைத்ததை மகன் ஒரு குழந்தையின் வாயினால் உரக்கச் சொல்லுவித்தான். நீதிமன்றம் தராத மறுமொழியை அவன் இவ்வாறு எடுத்துக்கொண்டான் என்றே நான் கருதுகிறேன்.

பின்னர் வருவது படுக்கையறைக் கிளர்ச்சி. தலையணைகள் கிழிகின்றன. இறகுகள் பனிமழை போற் பொழிகின்றன. அந்த வெண்மையினூடே, வெள்ளை இரவாடை அணிந்த சிறுவர்கள் மெல்ல மெல்ல, கனவில் நடப்பவர்போல் ஊர்வலம் போகின்றனர். இக்காட்சிக்கு மொரிஸ் ஜோபேர் என்ற இசையமைப்பாளர் புரிந்த புதுமையைக் கேளுங்கள். இசையைப் பின்னிருந்து முன்னாக எழுதி, வாசிப்பித்து, ஒலிப்பதிவைத் தலைகீழாக ஓடவிட்டார். மெட்டு நேராக வந்தது. ஆனால் ஒவ்வொரு ஒலியும் தேய்ந்து எழுவதற்குப் பதிலாக வீங்கி மறைந்தது. இவ்வுலகத்தைச் சேராத ஒரு நாதம் பிறந்தது.

மறுநாள் பாடசாலை விழா. அதிகாரிகளும் பிரமுகர்களும் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்வரிசையில் இருப்போரை உற்று நோக்கினால், அவர்கள் துணிப் பொம்மைகள்! கூரைமேல் ஏறிய நான்கு சிறுவர் பழைய சப்பாத்துக்களையும் புத்தகங்களையும் அவர்கள்மீது எறிகின்றனர். பின் கூரையின் முகட்டை நோக்கி, வானத்தை நோக்கி, நடந்து செல்கின்றனர். படம் முடிகிறது.

முதலாவது கத்தரி

1933 ஏப்பிரல் 7-ஆம் நாள் பாரிசில் இப்படம் காட்டப்பட்டது. சிலர் கைதட்டினர், பலர் கூச்சலிட்டனர். சில மாதங்களுள் தணிக்கையாளரின் தடையுத்தரவு வந்தது. ஏறக்குறைய 44 நிமிடம் ஓடும் ஒரு சிறு படம்; துப்பாக்கி இல்லை; இரத்தம் இல்லை; எந்த அமைச்சரின் பெயரும் இல்லை. இறகுகள் பறக்கின்றன, பழைய சப்பாத்துக்கள் விழுகின்றன. இதைக் கண்டு ஒரு பேரரசு அஞ்சிற்று!

ஏன் அஞ்சிற்று? பிரமுகரைப் பொம்மை என்று ஒரு குழந்தை கண்டுகொண்டால், அக்குழந்தை வளர்ந்த பின்னும் அதனை மறவாது. அதிகாரம் தன்மீது தொடுக்கப்படும் வாதத்துக்கு மறுவாதம் செய்யும். சிரிப்புக்கு மறுவாதம் அதனிடம் இல்லை.

இத்தடை 1945 வரை நீடித்தது. 1933-இல் பத்து வயதாயிருந்த பாடசாலைப் பிள்ளை, படம் விடுதலையாகும்போது 22 வயது இளைஞன். இடையே ஒரு உலகப் போர் வந்து போயிற்று. யாருடைய வாழ்வைப் பற்றி அப்படம் எடுக்கப்பட்டதோ, அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் பிள்ளைகளாக இருக்கும்வரை அதைப் பார்க்கவே இல்லை. இசைதந்த ஜோபேர் 1940-இல் போர்முனையில் மாண்டார். விகோவோ அதற்கு முன்பே மறைந்துவிட்டான்.

நீரினுள் தெரிந்த முகம்

பணம் இழந்த நூனெஸ் விகோவைக் கைவிடவில்லை. இது அவ்வர்த்தகரின் பெருந்தன்மை. விகோ முதலில், தண்டனைத் தீவுக்கு அனுப்பப்பட்டு மீண்ட தியதொனே என்ற அராஜகவாதியைப் பற்றிப் படமெடுக்க எண்ணினான். மீண்டும் தணிக்கையோடு மோதல் வேண்டாம் என்ற எண்ணத்தால் அது கைவிடப்பட்டது. தீங்கற்ற ஒரு கதை தேர்ந்தெடுக்கப்பட்டது. கால்வாய்களில் சரக்கு ஏற்றிச் செல்லும் படகு ஒன்று, பெயர் 'அத்தலாந்த்'. அதன் இளந் தலைவன் ஒரு கிராமத்துப் பெண்ணை மணந்து படகுக்கு அழைத்து வருகிறான். அவள் பாரிசைக் காண ஆசைப்படுகிறாள். ஊடல், பிரிவு, மீண்டும் கூடல். இவ்வளவே கதை. எவருக்கும் கோபம் வரக் காரணம் இல்லை.

இந்தச் சாதாரணக் கதையை விகோ என்ன செய்தான்? தலைவனாக ழான் தாஸ்தேயையும், தலைவியாக ஜேர்மன் நடிகை டீட்டா பார்லோவையும், கிழட்டுப் படகோட்டி சூல் மாமனாக மிஷேல் சிமோனையும் நடிப்பித்தான். சூல் மாமனின் அறை ஓர் அற்புத உலகம்: எங்கும் பூனைகள், பல நாட்டுப் பொம்மைகள், பழைய கிறாமபோன், இறந்த நண்பனின் கைகளை இட்டுவைத்த கண்ணாடிச் சாடி. உலகெங்கும் அலைந்த ஓர் ஏழையின் உள்ளம் முழுவதும் அச்சிறு அறையில் விரிந்து கிடக்கிறது.

பாரிசுக்குப் போன பெண் காண்பது ஒளிவிளக்குகளை அல்ல. அது பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம். வேலை கேட்டு வரிசையில் நிற்போர். அவள் பணப்பையைப் பறித்தோடும் நோஞ்சான் திருடன். அவனைப் பிடித்து அடிக்கும் கூட்டம். காதற் கதையின் நடுவே, எந்தப் பிரசங்கமும் இன்றி, பசித்த ஒரு நகரம் வந்து நின்றுவிடுகிறது.

படத்தின் நெஞ்சமான காட்சி நீருக்கடியில் நிகழ்வது. காதலிப்பவரின் முகம் நீரினுள் தெரியும் என்று மணமான புதிதில் அவள் சொல்லியிருந்தாள், அவன் நகைத்தான். அவளை இழந்தபின், பித்துற்றவனாய் ஆற்றிற் குதிக்கிறான். திறந்த கண்களுடன் நீந்துகையில், மணவுடையிற் சிரித்தவண்ணம் அவள் உருவம் அவன் முன் மிதந்து வருகிறது. நீச்சல் வீரரைப் படமெடுத்தபோது கற்ற வித்தை இங்கே கவிதையாயிற்று.

இப்படம் 1933 நவம்பர் முதல் மறு ஆண்டின் தொடக்கம்வரை, கடுங்குளிரில், கால்வாய்க் கரைகளில் எடுக்கப்பட்டது. நோயாளியான விகோ காய்ச்சலுடன் வேலை செய்தான். நிற்க இயலாத வேளையில் படுத்தவாறே நெறியாள்கை செய்தான். படப்பிடிப்பு முடிந்ததும் படுக்கையில் வீழ்ந்தான். பின்னர் அவன் நலமாக எழவேயில்லை.

இரண்டாவது கத்தரி

1934 ஏப்பிரலில் படம் வணிகர்க்குக் காட்டப்பட்டது. அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பெரும் பொருள் போட்டிருந்த கோமோன் நிறுவனத்தினர் அஞ்சினர். அந்நாளில் வானொலியிலும் இசைத்தட்டிலும் மக்கள் முணுமுணுத்த ஒரு பாடல் இருந்தது: 'கடந்து செல்லும் படகு' என்பது அதன் பெயர். இத்தாலிய மெட்டுக்குப் பிரெஞ்சுச் சொல் அமைத்தது. படத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆனால் படகு என்ற சொல் போதுமானதாயிற்று! ஜோபேரின் இசையைக் குறைத்து அப்பாடலைப் புகுத்தினர், காட்சிகளை வெட்டினர், படத்தின் பெயரையே 'கடந்து செல்லும் படகு' என்று மாற்றினர். தடுக்க விகோவிடம் வலிமை இல்லை.

செப்டெம்பரில் அச்சிதைந்த படம் வெளியாயிற்று. மூன்று கிழமையளவில் படமாளிகையினின்றும் எடுக்கப்பட்டது. எந்த இலாபத்துக்காக வெட்டினார்களோ அந்த இலாபமும் கிட்டவில்லை. 1934 ஒக்டோபர் 5-ஆம் நாள் விகோ பாரிசில் உயிர் நீத்தான். பஞ்ஞோ இடுகாட்டில், தந்தையின் அருகே அவனை அடக்கம் செய்தனர். லீது 1939-இல் அவனைப் பின்தொடர்ந்தாள். அவர்களின் மகள் லூஸ், தந்தை இறக்கையில் மூன்று வயதுக் குழந்தை. பின்னாளில் அவரே திரைப்பட விமரிசகராகி, 2017-இல் மறையும்வரை தந்தையின் நினைவைக் காத்தார்.

எக்கத்தரி கொடியது?

நண்பர்களே, இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அரசாங்கத்தின் தடையைக் கண்டு நாம் கொதிக்கின்றோம், அது முறையே. ஆனால் நிகழ்ந்ததை நிறுத்துப் பாருங்கள். தடைசெய்யப்பட்ட படம் பெட்டிக்குள்ளே கிடந்தது. பன்னிரண்டு ஆண்டு கழித்துத் திறந்தபோது விகோ ஆக்கிய படமாகவே வெளிவந்தது. தாராளமாக வெளியிடப்பட்ட படமோ, மக்கள் முன் வந்தபோது விகோவின் படமாக இல்லை. அதன் உண்மை உருவத்தைத் தேடிச் சேர்க்க அரை நூற்றாண்டுக்கு மேல் உழைக்க வேண்டியதாயிற்று.

தணிக்கையாளன் உத்தரவில் கையொப்பமிடுகிறான். அவனை எதிர்த்துக் கூட்டம் போடலாம், ஏட்டில் எழுதலாம், ஆட்சி மாறினால் உத்தரவும் மாறும். வணிகன் கையொப்பமிடுவதில்லை. அவன் புன்னகை புரிந்து, 'மக்கள் விரும்புவது இதுவே' என்று சொல்லி வெட்டுகிறான். மக்களைக் கேட்டானா? இல்லை. மக்களின் பெயரால் மக்களுக்குரியதைக் களவாடும் இக்கத்தரிக்கு எதிராக முறையிட எந்த மன்றமும் இல்லை.

ஆயினும் முதலாவது கத்தரியைச் சிறியதென்று நான் சொல்லமாட்டேன். படத்தை அது முழுமையாகத் திருப்பித் தந்தது உண்மை. படைத்தவனின் காலத்தைத் திருப்பித் தரவில்லை. 'ஒழுக்கத்துக்குப் பூச்சியம்' தடுக்கப்படாதிருந்தால், விகோ பெயர் பெற்ற நெறியாளனாக அடுத்த படத்துக்குச் சென்றிருப்பான். பெயர் பெற்றவனின் படத்தில் வணிகன் அவ்வளவு துணிந்து கைவைத்திருக்க மாட்டான். முதலாவது கத்தரியே இரண்டாவதற்கு வழி வெட்டிற்று. அதிகாரமும் பணமும் ஒன்றையொன்று அறியாதனபோல் நடந்தாலும், ஒருவர் தொடங்கிய வேலையை மற்றவர் முடித்துவைத்தனர்.

காத்தவர் கைகள்

அவ்வாறாயின் விகோ எங்ஙனம் பிழைத்தான்? சில மனிதர்கள் அவனைக் காத்தனர். திரைப்படச் சங்கத்தினர் பழைய பிரதிகளை ஊர் ஊராகக் கொண்டுசென்று காட்டினர். 1951-இல், சுதந்திர உள்ளங் கொண்ட இளம் நெறியாளர்க்கென அவன் பெயரால் ஒரு பரிசு நிறுவப்பட்டது. பிரேசில் நாட்டறிஞர் சாலெஸ் கோமெஸ் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து எழுதிய வாழ்க்கை வரலாறு 1957-இல் வெளியாயிற்று. 1959-இல் திரையிடப்பட்ட திரூவோவின் '400 அடிகள்' படத்திலும், 1968-இல் ஆங்கிலேயர் லின்ட்சே அண்டர்சன் ஆக்கிய 'இஃப்' படத்திலும் அவனுடைய கூரைமேற் சிறுவர்களின் காலடி ஓசையைக் கேட்கலாம். 1962-இல் பிரித்தானியத் திரைப்பட ஏடொன்று உலக விமரிசகர்களைக் கேட்டுத் தொகுத்த பத்துச் சிறந்த படங்களின் வரிசையில் 'அத்தலாந்த்' இடம்பெற்றது. ஒளிப்பதிவாளர் கௌவ்மன் அமெரிக்கா சென்று, 1954-ஆம் ஆண்டின் 'ஒன் த வோட்டர்பிரண்ட்' படத்துக்காக ஒஸ்கார் பரிசு பெற்றார்.

வெட்டுண்ட படத்தின் கதி? வெட்டுமுன் எடுக்கப்பட்ட ஒரு பிரதி, கடல் கடந்து இலண்டனில் உள்ள திரைப்படக் காப்பகத்தில் அமைதியாக உறங்கிக்கொண்டிருந்தது. அதன் துணைகொண்டு 1990-இல் படம் விகோ எண்ணிய உருவத்துக்குப் பெரிதும் அண்மையாகச் சீரமைக்கப்பட்டது. அவன் மாண்டு 56 ஆண்டுகளுக்குப் பின்!

அந்தப் பிரதியைத் தகரப் பெட்டியில் இட்டு, இலக்கமிட்டு, அலுமாரியில் வைத்த ஊழியர் யாரென்று நாம் அறியோம். அவர் கலைஞரல்லர், போராளியுமல்லர். தம் வேலையைச் செவ்வனே செய்தார், அவ்வளவே. ஆனால் இரு கத்தரிகளும் சேர்ந்து அழிக்க முனைந்ததை அந்த ஒரு பெட்டி காத்துக் கொடுத்தது. ஒரு நூலை, ஒரு ஏட்டை, ஒரு படத்தை எறிந்துவிடுமுன் இதனை நினைத்துக்கொள்ளுங்கள் என்று உங்களை வேண்டுகின்றேன். எழுதுவோருக்கும் எடுப்போருக்கும் நாம் மாலை சூட்டுகின்றோம். சேமித்து வைப்போருக்கும் ஒரு கும்பிடு இடுதல் தகும்.

பொய்ப்பெயரிற் பாடசாலை சென்ற அந்தப் பிள்ளையின் உண்மைப் பெயர் இன்று திரையில் ஒளிர்கிறது. அவன் தந்தையைத் துரோகி என்று தீர்ப்பெழுதியோரின் பெயரை இச் சபையில் எத்தனைபேர் சொல்லக்கூடும்? வாய்ப்புக் கிட்டும்போது 'அத்தலாந்த்' படத்தை அவசியம் பாருங்கள். பிள்ளைகளையும் உடனழைத்துச் சென்று 'ஒழுக்கத்துக்குப் பூச்சியம்' காட்டுங்கள். அவர்கள் சிரிக்கும் இடங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள். அதுவே விகோவுக்கு நாம் செய்யும் மரியாதை.